கொழுந்து சிஸ்டர்ஸும் என் அவசரக் கையும்

மேடைக்கு ஸ்பீக்கர் போடுகிற தம்பிகளுக்கும், இப்போது புதிதாக நம்ம தொழிலுக்கு வந்திருக்கிற அந்த ஒரு தங்கச்சிக்கும் எழுதுகிறேன்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. பதினாலு வயதில், விடிய ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்று வேலைக்குப் பேர் கொடுத்தவன். இருபத்தைந்து வயதில் ஹட்டன் டவுனில் சொந்தமாக ஸ்பீக்கர் செட் வைத்திருந்தேன். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டி, மூன்று தடவை ஷாக் வாங்கிக் கற்றுக்கொண்டேன். நோட்டன் பிரிட்ஜிலிருந்து கந்தப்பளை வரைக்கும் என் குழாய் ஸ்பீக்கர் சத்தம் கேட்காத தேயிலைத் தோட்டம் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

போன மாதம் நம்ம சங்கத்துத் தம்பி ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். நினைவு மலர் போடுகிறார்களாம். அந்தக் காலத்தில் இந்த மலைப்பக்கம் கிட்டார், டிரம் வைத்துப் பாடிய குழுக்களின் பேரையெல்லாம் எழுதிக்கொண்டு வந்து, சரியா என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். சரிதான். எல்லாம் பையன்கள் குழு. எல்லாருக்கும் நான்தான் ஸ்பீக்கர் போட்டவன்.

"ஒரு பேரு விட்டுப்போச்சே தம்பி. கொழுந்து சிஸ்டர்ஸ்."

"சிஸ்டர்ஸா? பொம்பளப் பிள்ளைங்க குழுவா ஐயா? அப்படி ஒன்னு இருந்திச்சா?"

இருந்தது. விட்டுப்போனதற்கு நான் காரணம். அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்போதெல்லாம் தோட்டத்தில் திருவிழாவோ கல்யாணமோ என்றால் விடிந்ததிலிருந்து குழாய் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் நின்றால் ஒரே அர்த்தம்தான். ஏதோ ஒரு லயத்தில், நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், சாவு. சாவுச் செய்தி வந்த உடனே பாட்டை நிறுத்திவிடுவோம். குழாய் நின்றதென்றால், பக்கத்து டிவிசன் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள்கூட கையை நிறுத்தி லயத்துப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் படுக்கையாகக் கிடக்கிறவர்களை விட்டுவிட்டு வந்தவர்கள் கூடையோடு இறங்கி ஓடி வருவார்கள். அதனால் ஸ்பீக்கர்காரனுக்கு ஒரே பயம். சாவு இல்லாமல் சத்தம் நிற்கக் கூடாது.

ஒரு தடவை கந்தப்பளைப் பக்கம் தேர் வருகிற நேரத்தில் ரெக்கார்டு ஊசி உடைந்துவிட்டது. வேறு ஊசி இல்லை. மைக்கை எடுத்தேன். காணாமல் போன செருப்பு, காணாமல் போன மாடு, அம்மாவைத் தேடி அழுகிற பிள்ளை என்று இல்லாத அறிவித்தலெல்லாம் அரை மணி நேரம் சொன்னேன். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. தோட்டத் தலைவர் வந்து கை கொடுத்தார். அன்றிலிருந்து என் கை என் புத்தியைக் கேட்பதில்லை. சத்தம் நின்றால் அது தானாக மெஷினுக்குப் போகும். அதை நான் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

இனி அந்த மூணு பேர்.

ரோஸ்மேரியின் அப்பா துரைமார் கிளப்பில் அப்பு, அதாவது சமையல்காரர். அறுபதுகளில் வெள்ளைக்காரத் துரைமார் சனிக்கிழமையானால் தாங்களே கிட்டார் பிடித்து, டிரம் அடித்து, அந்தக் காலத்து பீட் பாட்டெல்லாம் பாடி ஆடுவார்கள். ரோஸ்மேரி சின்னப் பிள்ளையிலிருந்து குசினிக் கதவுக்குப் பின்னால் தட்டுக் கழுவிக்கொண்டே அதைக் கேட்டவள். தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறியபோது, கிளப் ஸ்டோரில் ரெண்டு கிட்டாரும் அதற்கான ஸ்பீக்கர் பெட்டிகளும் ஒரு டிரம் செட்டும் கிடந்தன. புதுத் துரை, "அப்பு, இந்தக் குப்பைய எல்லாம் எடுத்துட்டுப் போ" என்றாராம். அப்பு எடுத்துக்கொண்டு வந்து மகள் முன்னால் இறக்கி வைத்தார்.

ஒரு கிட்டார் ரோஸ்மேரிக்கு. இன்னொன்று, தடித்த கம்பி போட்டது, அவளுடைய பெரியப்பா மகள் லூசியாவுக்கு. லூசியா தோட்டத்து டிஸ்பென்சரியில் புண்ணுக்கு மருந்து கட்டுகிறவள். வாயைத் திறக்க மாட்டாள்.

டிரம்முக்குப் பாக்கியம். அவள் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா. கொழுந்துக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவள் அப்பா மாடசாமி தோட்டத்துத் தப்புக்காரர். பெரட்டுக்கும், திருவிழாவுக்கும், சாவுக்கும் தப்பு அடிக்கிறவர். பொம்பளை தப்பைத் தொடக் கூடாது என்று தோட்டத்தில் சட்டம். டிரம்மைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை, ஏனென்றால் அதை அங்கே யாரும் பார்த்ததே இல்லை. பெரிய டிரம்மின் தோல் கிழிந்திருந்தது. மாடசாமி தப்புக்கு ஒட்டுகிற தோலை இழுத்து ஒட்டிக் கொடுத்தார். அதனால் அதற்குத் தப்பு மாதிரியே நெருப்புக் காட்ட வேண்டும். பனி பட்டால் தளர்ந்துபோகும், காய்ச்சினால் கணீரென்று பேசும். மற்ற டிரம்காரர்கள் ஸ்பேனர் கொண்டு வருவார்கள். பாக்கியம் பழைய பேப்பரும் நெருப்புப் பெட்டியும் கொண்டு வருவாள்.

பெட்டி கரகரக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளைக்காம்பராவில்தான் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பழகுவார்கள். துரைமார் பெட்டியை நான் அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. காட்டிக்கொள்ளாமல் பின்பக்கத்தைத் திறந்து குனிந்தேன்.

"என்ன அண்ணே," என்றாள் பாக்கியம், "டவுன்ல பெரிய ஆளுங்கறாங்க, ஒரு வயரைப் பார்த்து இப்படி முழிக்கிறீங்க."

"முழிக்கல. யோசிக்கிறேன்."

"அப்ப நல்லா யோசிங்க. நாங்க அதுக்குள்ள ஒரு கல்யாணமே முடிச்சிருவோம்."

லூசியாகூடச் சிரித்தாள். சரி பண்ணிக் கொடுத்தேன். அப்புறம் அவர்கள் வாசித்தார்கள். உலகத்தில் பீட் பாட்டு பழசாகிப்போன பிறகுதான் எங்கள் மலைக்கு ஏறி வந்தது. ஆனால் வந்தது இவர்கள் கைக்கு. துரைமார் அடிப்பதை நான் கிளப் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். அவர்கள் விளையாட்டுக்கு அடித்தார்கள். இந்த மூணு பேரும் வாரம் பூராவும் அடக்கி வைத்திருந்ததை அடித்தார்கள். பாட்டும் இவர்களே கட்டினது.

*கூடைய எறக்கி வச்சேன் – இப்ப
கொஞ்ச நேரம் ஆடப் போறேன்
கொழுந்து நாளைக்கும் இருக்கும் – என்
காலு இன்னைக்குத்தான் கேக்குது*

இதை எழுதும்போதும் என் கால் கேட்கிறது.

ரெண்டு வருஷம் நான்தான் அவர்களுக்கு ஸ்பீக்கர். கோயில் விழா, மாதா கோயில் விருந்து, ஸ்கூல் விளையாட்டுப் போட்டி. சில தோட்டத்தில் கைதட்டினார்கள். சில தோட்டத்தில், "தப்புக்காரன் மகளுக்கு வந்த வாழ்வப் பாரு" என்றார்கள். பாக்கியம் அப்படிச் சொன்னவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் பலமாக அடிப்பாள்.

அப்போது இந்தியாவுக்கு ஆள் அனுப்புகிற காலம். ரெண்டு அரசாங்கமும் பேசி முடித்த ஒப்பந்தம். எங்கள் சனத்தில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே. ஒரே லயத்தில் ஒரு வீட்டுக்கு இந்தியா பாஸ்போர்ட், அடுத்த வீட்டுக்கு இல்லை. ரோஸ்மேரி வீட்டுக்கு வந்துவிட்டது. மே மாதம் ரயில் கோச்சி ஏற வேண்டும்.

அந்த வருஷம் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் ஏரிக்கரைப் பக்கம் பகல் கச்சேரி வைத்தார்கள். பல குழு, ஒரே மேடை. கொழும்பு ரேடியோவில் புதுக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கிற ஒருத்தர் வந்து கேட்கப்போகிறார், பிடித்தால் அடுத்த வாரமே கூப்பிட்டுப் பதிவு பண்ணுவார் என்று செய்தி. நான்தான் ஓடித் திரிந்து இவர்கள் பேரைச் சேர்த்தேன்.

ரோஸ்மேரி சொன்னாள், "எனக்குப் பெருசா ஒன்னும் வேணாம் அண்ணே. போறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ ரேடியோவுல எங்க பேரச் சொல்லி, எங்க பாட்டப் போடணும். இந்த லயத்துல நான் இருந்தேன்னு இருக்கும்."

அந்தச் சமயம் என் கையில் ஒரு புது சாமான் இருந்தது. கசெட் ரெக்கோடர். எங்கள் பக்கத்தில் அதை முதலில் வாங்கினவன் நான்தான். பெருமை அடங்காமல், கச்சேரிக்கு முந்தின ஞாயிறு பிள்ளைக்காம்பராவில் அவர்கள் பழகியதைப் பதிந்தேன். ஒரு கசெட். அவர்கள் வாசித்துப் பதிந்தது உலகத்திலேயே அது ஒன்றுதான்.

கச்சேரி அன்று மத்தியானத்துக்குப் பிறகு பனி இறங்கிவிட்டது. பாக்கியம் மேடைக்குப் பின்னால் பேப்பரைக் கொளுத்தி டிரம்மைக் காய்ச்சினாள். அவர்களுக்கு முன்னால் வாசித்த பையன்கள், "என்னக்கா, டிரம்முக்குக் குளிருதா, ஒரு ஸ்வெட்டர் போட்டு விடுங்க" என்றார்கள். "உங்க வாசிப்பக் கேட்டு அதுக்குக் காய்ச்சல் வந்துருச்சு தம்பி" என்றாள் அவள்.

மேடை ஏறினார்கள். முதல் பாட்டிலேயே சனம் எழும்பிவிட்டது. ரேடியோக்காரர் முன் வரிசையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு, சப்பாத்துக் காலால் தாளம் போட்டார். நான் அதைப் பார்த்தேன். ரெண்டாவதாகக் கூடைப் பாட்டு. முதல் அடி முடிந்து கிட்டார் தனியாகப் போகிற இடத்தில், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு இடி. கரண்டு போய்விட்டது.

கவனமாகக் கேளுங்கள். கிட்டார் பெட்டிகள் லைன் கரண்டில் ஓடுகிறவை. அவை செத்துவிட்டன. ஆனால் என் செட் லொறி பெட்டரியில் ஓடுவது. மைக் உயிரோடு இருந்தது. டிரம்முக்குக் கரண்டே வேண்டாம்.

பாக்கியம் நிறுத்தவில்லை. ஒரு அடிகூடத் தவறவில்லை. ரோஸ்மேரி நிலைமையைப் பிடித்துக்கொண்டாள். கிட்டாரை முதுகுக்குத் தள்ளிவிட்டு மைக்குக்கு வந்து, பாட வாயைத் திறந்தாள். வெறும் டிரம்மும் ஒரு தொண்டையும். அது மட்டும் நடந்திருந்தால் அந்த ஏரிக்கரை இன்றைக்கும் அதைப் பேசிக்கொண்டிருக்கும்.

நான் மேடையைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது சனத்தையும் என் குழாயையும். குழாய் நின்றுவிட்டது. என் கை கேட்கவில்லை. பெட்டரியில் ஓடுகிற ரெக்கோடர் பக்கத்தில் இருந்தது, கசெட் உள்ளே இருந்தது, கை போய் பட்டனை அமத்திவிட்டது.

குழாயில் முதலில் ஒரு நாய் குரைத்தது. அப்புறம் ரோஸ்மேரியின் குரல், சிரித்துக்கொண்டு: "அந்தக் கதவச் சாத்துடி பாக்கியம்." அப்புறம் பாட்டு, முதலிலிருந்து.

மேடையில் ரோஸ்மேரி வாய் மூடி நின்றாள். குழாயில் ரோஸ்மேரி பாடினாள்.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒருத்தன் சிரித்தான். "அம்மாடி, வாய மூடிக்கிட்டே என்னமா பாடுறா." இன்னொரு பக்கத்தில் சிங்களத்தில், "ஒக்கொம டேப்." எல்லாமே டேப்தானாம். அது அப்படியே பரவியது. நான் பதறி நிறுத்தினேன். அதற்குள் பாக்கியத்தின் கையும் நின்றிருந்தது. நான் எந்தச் சத்தமில்லாமைக்குப் பயந்து கையை நீட்டினேனோ, அது அப்போதுதான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்தது. அவர்கள் திரும்பவும் வாசித்தார்கள், முன்னைவிட நன்றாகவே. யாரும் அவர்கள் கையைப் பார்க்கவில்லை. எல்லாரும் என் மேசையை எட்டிப் பார்த்தார்கள், கசெட் சுற்றுகிறதா என்று. கசெட்டைக் கையில் எடுத்துத் தூக்கிக் காட்டினேன். அதற்கும் சிரித்தார்கள்.

இறங்கி ஓடிப்போய் ரேடியோக்காரரைப் பிடித்தேன். நல்ல மனுஷர், கோபப்படவில்லை.

"தம்பி, நல்லாத்தான் ரெக்கோட் பண்ணியிருக்கீங்க. உண்மையில யாரு வாசிச்சது?"

"இவங்கதான் சேர். மூணு பேரும். இப்பவும் இவங்கதான் வாசிச்சாங்க."

"சரி, சரி. பொம்பளப் பிள்ளைகள நிறுத்தினது நல்ல யோசனைதான்." தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

முன்னால் வாசித்த பையன்கள் பாட்டில் இப்படி நடந்திருந்தால், கரண்டு போச்சு, ஸ்பீக்கர்காரன் ஒரு மடையன் என்று சொல்லிவிட்டு மறந்திருப்பார்கள். யாரு வாசித்தது என்று கேட்டிருக்க மாட்டார்கள். பொம்பளைகள் என்பதால், அவர்கள் வாசிப்பு பொய்யாக இருக்கும் என்று எல்லார் மனதிலும் ஒரு ஓரத்தில் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. நான் அதற்குச் சாட்சி காட்டிவிட்டேன்.

வேனில் ஹட்டனுக்குத் திரும்பினோம். தலவாக்கலை தாண்டின பிறகு ரோஸ்மேரி கேட்டாள்.

"ஏன் அண்ணே போட்டீங்க?"

"சத்தம் நின்னுருச்சும்மா."

"நின்னா என்ன? நான் வாயத் தொறந்தேனே."

பாக்கியம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள், "நான் நிறுத்தவே இல்லியே. எங்கப்பா அடிச்சா ஊருக்கே கேக்கும். நான் அடிச்சது உங்க காதுல சத்தமாவே விழல, இல்ல?"

அன்றைக்கு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கரண்டைத் திட்டினேன், இடியைத் திட்டினேன். நான் பெரிய ஆள் அல்லவா.

அதற்குப் பிறகு போன ரெண்டு தோட்டத்திலும், "கசெட் சிஸ்டர்ஸ் வந்துட்டாங்க" என்று கத்தினார்கள். மூன்றாவது தோட்டம் எங்களைக் கூப்பிடவில்லை.

மே மாதம் ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போனேன். அந்தக் கோச்சியை எங்கள் சனம் அழுகைக் கோச்சி என்றுதான் சொல்லும். உள்ளே இருக்கிறவர்களும் அழுவார்கள், வெளியே நிற்கிறவர்களும் அழுவார்கள். ரோஸ்மேரி கிட்டாரை லூசியாவிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். கசெட்டைத் துணியில் சுற்றிக் கொண்டு போயிருந்தேன். நீட்டினேன். வாங்கவில்லை.

"நீங்களே வச்சிருங்க அண்ணே. ஆனா எங்கயும் போட்டுறாதீங்க. போட்டா திரும்பவும் அதத்தான் சொல்லுவாங்க."

"போடல."

"சத்தியமா?"

கோச்சி அசைந்துவிட்டது. ஜன்னலைப் பிடித்து நடந்துகொண்டே சத்தியம் பண்ணினேன்.

எண்பத்து மூணு கலவரத்தில் லூசியா வீடு எரிந்தது. ரெண்டு கிட்டாரும் அதில் போயின. அந்தக் குடும்பம் வவுனியாப் பக்கம் போய்ச் சேர்ந்தது என்று கேள்வி. பிள்ளைக்காம்பராக் கூரை ஒழுகி டிரம் செட் நாசமானது. பாக்கியம் மட்டும் அதே தோட்டத்தில், அதே பிள்ளைக்காம்பராவில், குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டு இருந்தாள்.

தம்பிகளே, தங்கச்சி, உங்களிடம் இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது. என் ரெக்கோடரைவிட நூறு மடங்கு வேகமாகப் பொய்ச் சத்தம் போடலாம். ஏதாவது நின்றால் முதலில் மேடையைப் பாருங்கள். அங்கே நிற்கிறவருக்கு ஒரு மூச்சு நேரம் கொடுங்கள். அந்த மூச்சு உங்களுடையது இல்லை. இதை நான் சொல்லித்தர நினைத்தாலும், நான் கற்றுக்கொண்டதே ரொம்பப் பிந்தி. அதையும் எழுதிவிடுகிறேன்.

கலவரம் முடிந்து ரெண்டு மூணு வருஷம் கழித்து, பாக்கியத்தின் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. காலை நேரம். கரகம் கிளம்பவில்லை. தப்புக்காரர்கள் கோயிலுக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். என் குழாய் பாடிக்கொண்டிருந்தது. பாக்கியம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து, ஒரு நீலக் கடிதத்தை வைத்தாள்.

"படிங்க."

ரோஸ்மேரியின் தம்பி நீலகிரியிலிருந்து எழுதியிருந்தான். அக்காவுக்கு மஞ்சள் காமாலை, ஒன்பது நாள் கிடந்தது, போய்விட்டது. அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலையாம். அங்கே அவளைச் சிலோன்காரி என்றுதான் கூப்பிடுவார்களாம். கிட்டார் வாசிப்பாள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லையாம், அதனால் சொல்வதை விட்டுவிட்டாளாம்.

நான் மெதுவாகப் படிக்கிறவன். படித்து முடித்தேன். பிறகு ஸ்பீக்கரை நிறுத்தினேன்.

கோயில் முற்றம் அப்படியே நின்றுவிட்டது. லயத்து வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். தலைவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"யாரு? எந்த லயம்?"

"ரோஸ்மேரி" என்றேன்.

"எந்த ரோஸ்மேரி? நம்ம தோட்டத்துல அப்படி யாரு இருக்கா?"

கூட்டத்தில் ஒருத்தன் சொன்னான், "அந்தக் கசெட்டுக்காரியா? அது எப்பவோ இந்தியா போயிருச்சே. அதுக்கு ஏன் சாமிக்கு முன்னால பாட்ட நிப்பாட்டுறீங்க?"

தலைவர் என்னைப் பார்த்தார். போடு என்கிற பார்வை. என் கை போகத்தான் பார்த்தது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பாக்கியம் நெருப்புப் பக்கம் நடந்தாள். அவள் அப்பா மாடசாமி, கண் பார்வை மங்கிப்போனவர், காய்ந்த தப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் அதை அவர் கையிலிருந்து எடுத்தாள்.

"ஏய், பொம்பள தப்பத் தொடுறதா?" என்று தலைவர் முன்னால் போனார்.

"விடுங்க தலைவரே" என்றார் மாடசாமி. "சூடு ஆறிரும்."

அவள் அடித்தாள். சாவுக்கு அடிக்கிற அடி இல்லை, சாமிக்கு அடிக்கிற அடியும் இல்லை. கூடைப் பாட்டு. ஏரிக்கரையில் நான் கேட்காமல் விட்ட அதே இடத்திலிருந்து எடுத்தாள், கிட்டார் நின்று டிரம் மட்டும் போகிற இடம். மலைக்கு மலை அது திரும்பி வந்தது. ரோஸ்மேரி பாட வேண்டிய இடம் வந்தபோது அடியைக் குறைத்து, ஒரு ஆள் பாடுகிற அளவுக்கு இடம் விட்டு, மறுபடியும் எடுத்தாள்.

பாட்டு முடிகிறவரைக்கும் என் கை மடியிலேயே இருந்தது.